வாளையாரின் இருபுறமும்: நகர நடுவில் படுத்துறங்குபவர்கள் எந்த ஊரின் பொறுப்பு?

வேலந்தாவளத்துக்காரன் எழுதியது:

பாலக்காட்டு மாவட்டத்தில் குடியிருந்துகொண்டு கோவைக்கு அன்றாடம் வேலைக்குப் போய்வருகிற தமிழர்கள் பலர் இங்கே இருப்பதால், நெடுநாளாக மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை விவாதத்துக்கு வைக்கிறேன். காந்திபுரத்திலும் உக்கடத்திலும் டவுன்ஹால் கடைவாசல்களிலும் இரவில் படுத்துறங்குபவர்களையும், இந்தப் பக்கம் பாலக்காட்டு ஸ்டேடியம் பேருந்து நிலையத்திலும் ஒலவக்கோடு ரயில் நிலைய வாசலிலும் படுத்துறங்குபவர்களையும் கவனித்துப் பார்த்தால், அவர்களில் சிலர் ஒரே ஆட்கள் என்பது தெரியவரும். ஒரு மாதம் அங்கே இருப்பார்கள். மறுமாதம் இங்கே இருப்பார்கள். விருப்பப்பட்டு இப்படி அலைவதில்லை. திருவிழாவோ மாநாடோ முக்கியப் புள்ளி ஒருவரின் வருகையோ நெருங்கும்போது நகரத்தின் நடுப்பகுதியிலிருந்து இவர்கள் அப்புறப்படுத்தப்படுகிறார்கள். வாளையாரில் மாநில எல்லை பக்கத்திலேயே இருப்பதால், அதற்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடுவது எல்லாருக்கும் எளிதாகத் தோன்றுகிறது.

அப்படி இறக்கிவிடப்பட்ட பெரியவர் ஒருவரோடு சில வாரங்களுக்கு முன்பு பேசினேன். தேனிப் பக்கத்துக்காரர். சாரம் கட்டும் வேலைக்கு எர்ணாகுளம் வந்து, சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தபின் மேஸ்திரியால் கைவிடப்பட்டவர். நைலான் கயிற்றால் வாய் கட்டிய உரச்சாக்கு ஒன்றுதான் அவருடைய உடைமை. அதனுள்ளே மலையாளத்தில் எழுதிய மருத்துவமனைச் சீட்டு, லேமினேட் செய்த பழைய குடும்ப அட்டையின் நகல், ஒரு எவர்சில்வர் டம்ளர், நான்காக மடித்த அட்டைப்பெட்டி ஆகியவை இருந்தன. மலையாளச் சீட்டைத் தமிழ்நாட்டு மருத்துவமனையில் படிக்க ஆளில்லை. தமிழ்நாட்டு அட்டையைக் கேரளத்து அலுவலகத்தில் வாங்கிப் பார்க்க ஆளில்லை. “வண்டியில ஏத்தும்போது எந்த ஊருன்னு கேட்டாங்க. நான் தமிழ்ல பதில் சொன்னதும், அதுக்கு மேல ஒண்ணும் கேக்கலை” என்றார்.

பெருநகரங்களுக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. ஹைதராபாத்தில் 2017 நவம்பரில் உலகத் தொழில்முனைவோர் மாநாட்டுக்கு முன்பாக, இரண்டு மாத காலம் பொது இடங்களில் பிச்சையெடுப்பதைத் தடைசெய்து காவல்துறை ஆணையிட்டது. பிடிக்கப்பட்டவர்கள் சிறை வளாகங்களை ஒட்டிய காப்பிடங்களில் வைக்கப்பட்டார்கள். விருந்தினர்கள் போன பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்பதில் ஊருக்கு அக்கறை இருக்கவில்லை. நம்முடைய எல்லைப்புறத்தில் இன்னொரு வசதியும் கூடுதலாக இருக்கிறது: அனுப்பப்பட்டவர் வேறு மாநிலத்தின் கணக்கில் சேர்ந்துவிடுகிறார். இதைப் பற்றி உங்கள் கருத்துகளையும், சட்டமும் நடைமுறையும் தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களுடைய விளக்கத்தையும் எதிர்பார்க்கிறேன்.

சாலைக்கடை எழுதியது:

திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் எங்கள் அப்பா காலத்திலிருந்து கடை வைத்திருக்கிறோம், பூர்விகம் நாகர்கோவில். வேலந்தாவளத்துத் தம்பியின் ஆதங்கம் நியாயமானது. ஆனால் நகர நடுவில் கடை நடத்துகிறவனின் தரப்பையும் யாராவது எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

காலையில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பு வாசலில் கிடக்கும் மலத்தை அள்ளிக் கழுவிவிட்டுத்தான் நாங்கள் விளக்கேற்றுகிறோம். இதைச் சொல்வதில் எனக்கு வெறுப்பில்லை, நடப்பதைச் சொல்கிறேன். கிழக்கேகோட்டையிலிருந்து தம்பானூர் வரை நடந்து பாருங்கள்; மடியில் மயங்கிய குழந்தையோடு கை நீட்டுகிற பெண்களைப் பார்ப்பீர்கள். அந்தக் குழந்தை ஏன் பகல் முழுவதும் தூங்குகிறது என்று கேட்க யாருமில்லை. கொடுக்கிற காசு அந்தக் குழந்தைக்குப் போகிறதா, அதை அங்கே உட்காரவைத்தவனுக்குப் போகிறதா? மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் 2025 ஜனவரி முதல் பிச்சை போடுகிறவர் மீதே வழக்கு என்று ஆட்சியர் உத்தரவு போட்டார். கடுமைதான். ஆனாலும் காசு வருவது நின்றால் குழந்தைகளை வைத்துத் தொழில் நடத்துவதும் நின்றுவிடும் என்பதே என் எண்ணம். நகரத்தின் நடுப்பகுதி எல்லாருக்கும் பொது. அதைக் காப்பாற்றுவதைக் குற்றமாகப் பேசக்கூடாது.

கஞ்சிக்கோடு எழுதியது:

சாலைக்கடை அண்ணாச்சி, உங்கள் வாசலில் படுப்பவர்களில் எத்தனை பேர் பிச்சையெடுக்கிறார்கள் என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். நான் கஞ்சிக்கோட்டில் இரும்பாலை ஒன்றில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவன். ஆலை ஷிப்டைக் குறைத்தபோது வாடகை கொடுக்க முடியாமல் கொஞ்ச காலம் கடைத்திண்ணையில் படுத்திருக்கிறேன். என் பக்கத்தில் படுத்திருந்தவர்கள் விடியற்காலை காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்குபவர்கள், ஓட்டலில் பாத்திரம் கழுவுபவர்கள், கல்யாணப் பந்தியில் இலை எடுப்பவர்கள். ஒருவர்கூட யாரிடமும் கை நீட்டியதில்லை. கூலி கிடைக்கிறது, ஆனால் அந்தக் கூலிக்கு நகர நடுவில் ஒரு கட்டிலிடம்கூட வாடகைக்குக் கிடைப்பதில்லை. தூரமாகப் போய்த் தங்கினால் அதிகாலை வேலைக்கு வர முதல் பேருந்தே இருக்காது. வீடில்லாதவனையும் பிச்சைக்காரனையும் ஒரே ஆளாகப் பார்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

சிற்றூர் வழக்கறிஞர் எழுதியது:

கஞ்சிக்கோடு நண்பர் குறிப்பிட்ட அந்தக் குழப்பம் பார்ப்பவரின் மனத்தில் மட்டும் இருப்பதன்று. நம்முடைய சட்டத்துக்குள்ளேயே அது எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம், யாரிடமும் எதுவும் கேட்காமல், கண்ணுக்குத் தெரிகிற பிழைப்பு வழி ஏதுமின்றிப் பொது இடத்தில் சுற்றிக்கொண்டோ தங்கிக்கொண்டோ இருந்து, பிச்சையெடுத்துத்தான் வாழ்கிறார் என்று கருதத்தக்க நிலையில் காணப்படுபவரையும் பிச்சையெடுப்பவர் என்றே வரையறுக்கிறது. பாட்டுப் பாடுவதும் குறிசொல்வதும் சிறுபொருள் விற்பதும்கூட அந்த வரையறைக்குள் வரலாம். முதல் முறை பிடிபட்டால் 1 ஆண்டு முதல் 3 ஆண்டுவரை காப்பகத்தில் அடைக்கலாம். மீண்டும் மீண்டும் பிடிபட்டால் 10 ஆண்டுவரை அடைக்கலாம். களவு செய்தவனுக்குக்கூட வழக்கமாக இவ்வளவு தண்டனை கிடைப்பதில்லை.

நம் பகுதியின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. சென்னை மாகாணத்தில் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் 1945-இல் வந்தது. அன்றைக்குப் பாலக்காடு மலபார் மாவட்டத்தில் இருந்தது. மலபாரும் கோயம்புத்தூரும் ஒரே மாகாணம். நான் இருக்கும் சிற்றூர் கொச்சி மன்னராட்சிக்கு உட்பட்டிருந்தது. கொச்சிக்கும் திருவிதாங்கூருக்கும் மலையாள ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டு 1120-இல், அதாவது ஏறத்தாழ அதே காலத்தில், தனித்தனிச் சட்டங்கள் வந்தன. உலகப்போரும் பஞ்சமும் கிராமத்து மக்களைப் பட்டணங்களுக்குத் துரத்திய ஆண்டுகள் அவை. பசித்து வந்தவர்களை ஒழுங்குபடுத்த எழுதப்பட்ட சட்டங்களை வைத்துக்கொண்டுதான், இடையில் 1956-இல் மாநில எல்லை வந்து நின்ற பிறகும், நாம் இன்றைய நகரங்களை நடத்த முயல்கிறோம். வாளையாருக்கு அந்தப் பக்கம் இருப்பவரை ‘வெளியூர்க்காரர்’ என்று சொல்வதற்கு அந்தச் சட்டம் பிறந்த நாளில் இடமே இருக்கவில்லை என்பதை நினைத்துப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது.

நீதிமன்றங்கள் இப்போது வேறு திசையில் நகர்ந்திருக்கின்றன. 1985-இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், பம்பாய் நடைபாதைவாசிகளைப் பற்றித் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது. அதே தீர்ப்பு நடைபாதையில் குடிசை போடும் உரிமையை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தில்லிக்கும் விரிவுபடுத்தப்பட்டிருந்த பம்பாய்ச் சட்டத்தின், பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கும் பிரிவுகளை 2018 ஆகஸ்ட் 8-ஆம் நாள் தில்லி உயர் நீதிமன்றம் அங்கே செல்லாதவையாக்கியது. மக்கள் கை நீட்டுவது வேறு வழியில்லாததால்தான் என்றும், அடிப்படைத் தேவைகளைத் தர முடியாத அரசு அதற்காக அவர்களைத் தண்டிக்க முடியாது என்றும் அத்தீர்ப்பின் சாரம் அமைந்தது. அடுத்த ஆண்டு ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றமும் தன் பகுதியின் சட்டத்தை நீக்கியது. 2021 ஜூலையில், கொரோனா காலத்தில் பிச்சைக்காரர்களைத் தெருவிலிருந்து அகற்றக் கோரிய மனுவில், மேட்டுக்குடிப் பார்வையைத் தான் ஏற்கப்போவதில்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியது.

அண்ணாச்சி எழுப்பிய குழந்தைகள் பற்றிய கேள்விக்குச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 76-ஆம் பிரிவின்படி, குழந்தையைப் பிச்சையெடுக்கப் பயன்படுத்துபவருக்கு 5 ஆண்டுவரை சிறையும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. அதற்காகக் குழந்தையின் உறுப்பைச் சிதைத்தால் 7 ஆண்டுக்குக் குறையாத கடுங்காவல். இந்தப் பிரிவை முறையாகப் பயன்படுத்தினால், கூட்டமாகத் தொழில் நடத்துபவனைப் பிடிக்கலாம். தெருவில் படுத்திருக்கும் கிழவரை வண்டியில் ஏற்றுவது அந்த வேலைக்கு ஈடாகாது. ஏற்றுவது எளிது, புலன்விசாரணை கடினம் என்பதால் எளிதானதே நடக்கிறது.

ஒலவக்கோடு ரயில்காரர் எழுதியது:

ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். ரயில்வே சட்டத்தின் 144-ஆம் பிரிவு ரயிலிலும் நிலையத்திலும் பிச்சையெடுப்பதைத் தடைசெய்கிறது. நான் வேலையில் இருந்தபோது அதற்கு ஓராண்டுவரை சிறை இருந்தது. நடைமுறையில் நாங்கள் செய்தது அடுத்த வண்டியில் ஏற்றிவிடுவதுதான். கோவைக்காரர்கள் பாலக்காட்டுக்கு ஏற்றுவார்கள். பாலக்காட்டுக்காரர்கள் ஈரோட்டுக்கு ஏற்றுவார்கள். பிளாட்பாரத்தில் தனியாகத் திரியும் குழந்தையைக் கண்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். குழந்தைகள் விஷயத்தில் மட்டும் கைமாற்றிவிடும் பழக்கம் ஓரளவு குறைந்திருப்பதற்கு அந்த எண்ணும், நிலையங்களில் வைத்த உதவி மையங்களும் காரணம். பெரியவர்களுக்கு அப்படி ஒன்று இல்லை.

நீலமலர் எழுதியது:

வழக்கறிஞர் ஐயா சட்டத்தைத் தெளிவாக விளக்கியதற்கு நன்றி. நான் செவிலியர், அட்டப்பாடி அடிவாரத்தில் பிறந்தவள், பாலக்காட்டு மருத்துவமனைகளில் வேலை பார்த்துவருகிறேன். தெருவில் இருப்பவரின் வாழ்க்கை மருத்துவமனை வாசலில் எப்படி உடைகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவர்கள் நாங்கள் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

கேரளத்து மருத்துவமனைகளில் நோயாளியை வார்டில் சேர்க்கும்போது முதலில் வரும் கேள்வி, ‘பைஸ்டாண்டர் யார்?’ என்பது. மருந்து வாங்கவும், ஸ்கேனுக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோகவும், கஞ்சி கொடுக்கவும், படுக்கையில் புரட்டிவிடவும் உறவினர் ஒருவர் இருப்பார் என்ற எதிர்பார்ப்பில்தான் வார்டு முழுவதும் இயங்குகிறது. துணைக்கு ஆளில்லாதவரைச் சேர்க்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஆனால் இரவு ஷிப்டில் நாற்பது நோயாளிகளுக்கு இரண்டு செவிலியர்கள் இருக்கும் வார்டில், அப்படிப்பட்டவரைச் சேர்த்துக்கொள்ள யாருக்கும் மனம் துணிவதில்லை. கட்டுப்போட்டு, மாத்திரை கொடுத்து, ‘மூன்று நாள் கழித்து வாருங்கள்’ என்று அனுப்பிவிடுவார்கள். காலில் சர்க்கரைப் புண்ணோடு வருகிற மனிதர் மழைக்காலத்தில் பேருந்து நிலையத்து ஈரத்தரையில் மூன்று நாள் படுத்திருந்தால் அந்தக் கட்டு என்ன ஆகும்? மூன்றாம் நாள் அவர் வரும்போது வெட்ட வேண்டிய இடம் விரலிலிருந்து முழங்காலுக்கு ஏறியிருக்கும். அப்படி ஒருவரைப் பார்த்தேன். கட்டை அவிழ்த்தபோது பஞ்சோடு ஒட்டியிருந்த சேற்றுமணலை உப்புநீர் ஊற்றி நனைத்து நனைத்துத்தான் எடுக்க முடிந்தது. அவர் வலியைப் பற்றிப் பேசவே இல்லை. தம்முடைய பையை வாசலில் யாரோ எடுத்துப் போய்விடுவார்களோ என்பதே அவர் கவலையாக இருந்தது. பையை உள்ளே கொண்டுவர காவலாளி விடவில்லை.

மனநோயோடு தெருவில் இருப்பவர்களின் நிலை இன்னும் மோசம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 100-ஆம் பிரிவு காவல் நிலையப் பொறுப்பாளருக்குத் தெளிவான கடமையை விதிக்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் அலையும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ அமைப்பில் சேர்க்க வேண்டும், லாக்கப்பில் வைக்கக்கூடாது, வீடற்றவராக இருந்தால் காணாமற்போனவர் என்ற வகையில் வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். எல்லைப்புறத்தில் குடும்பத்தைத் தேடுவது என்றால் இன்னொரு மாநிலக் காவல் நிலையத்தோடு பேச வேண்டும்; அந்தப் பேச்சு தொடங்கும் முன்பே பெரும்பாலும் ஆள் நகர்த்தப்பட்டுவிடுகிறார்.

குணமான பிறகும் சிக்கல் தீர்வதில்லை. 1870-இல் தொடங்கிய திருவனந்தபுரம் ஊளம்பாறை மனநல மருத்துவமனையிலும் கோழிக்கோட்டுக் குதிரவட்டத்திலும், நோய் தணிந்தும் அழைத்துப்போக ஆளில்லாமல் கிடக்கிறவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். அவர்களில் தமிழ் மட்டுமே பேசுபவர்களும் உண்டு. ஊர்ப்பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாத அவர்களிடம் தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து, கோயில் எது, ஆறு எது, சந்தை என்றைக்குக் கூடும் என்று பொறுமையாகக் கேட்டால் ஊரைக் கண்டுபிடித்துவிடலாம். நான் அப்படிச் செய்து இருவர் வீடு திரும்பியிருக்கிறார்கள். சென்னையில் 1993-இல் இருந்து வீடற்ற மனநோயாளிப் பெண்களுக்காகப் பாடுபடும் பானியன் அமைப்பு, குணமானவர்களை ஊருக்குள் வாடகை வீடுகளில் சிறு குடும்பங்களைப் போலக் குடிவைத்துக் காட்டியிருக்கிறது. காப்பகம் என்றதும் பெரிய கட்டடமும் பூட்டிய இரும்புக் கதவும் நினைவுக்கு வருபவர்கள் அதைக் கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும்.

புத்தூர் எழுதியது:

ஆந்திர எல்லையிலிருந்து நானும் சேர்ந்துகொள்கிறேன். ஊர் புத்தூர், வேலை திருப்பதியில். திருப்பதியின் நடுப்பகுதியில் பசி பெரிய பிரச்சினை அல்ல. 1985-இல் தொடங்கிய திருமலை அன்னதானம் இருக்கிறது. 5 ரூபாய் அண்ணா கேன்டீன்கள் 2024-இல் மீண்டும் திறந்தன. சிக்கல் படுக்க இடமில்லாததில் இருக்கிறது. ரயில் நிலையத்துக்கு எதிரே விஷ்ணு நிவாசமும் பேருந்து நிலையத்தருகே ஸ்ரீநிவாசமும் தரிசனத்துக்கு வருகிறவர்களுக்கானவை. தமிழ்நாட்டிலிருந்து பெற்ற பிள்ளைகளே அழைத்துவந்து, கோவிந்தராஜர் கோயில் பக்கம் உட்காரவைத்துவிட்டு, டீ வாங்கிவருவதாகச் சொல்லிப் போய்விட்ட தாய்மார்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தெலுங்கு தெரியாத அந்த அம்மாக்கள் கை நீட்டக் கற்றுக்கொள்ளவே பல நாள் ஆகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியபோது, எங்களுக்குப் பக்கத்தில் பழவேற்காட்டில் தெருவில் திரிந்த ஒருவரை அடித்துக் கொன்றார்கள். அதே நாட்களில் போளூர் அருகே அத்திமூரில், கோயிலுக்கு வந்த மூதாட்டியைக் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக அடித்துக் கொன்றார்கள். ‘மாஃபியா’, ‘கூட்டம்’ என்று தெருவில் இருப்பவர் எல்லாரையும் சேர்த்துப் பேசும்போது அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்பதை அண்ணாச்சி போன்றவர்கள் தயவுசெய்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேலந்தாவளத்துக்காரன் எழுதியது:

புத்தூர் அண்ணன் எழுதியதற்கு நம் பக்கத்திலும் சாட்சி இருக்கிறது. அதே 2018-இன் தொடக்கத்தில், கேரளத்து வீடுகளின் ஜன்னல்களில் ஒட்டியிருந்த கறுப்பு ஸ்டிக்கர்களைப் பிள்ளை பிடிப்பவர்களின் அடையாளம் என்று நம்பி, பல ஊர்களில் பிச்சையெடுப்பவர்களையும் வெளிமாநிலத்தவரையும் பிடித்து அடித்தார்கள். பிப்ரவரி 22 அன்று அட்டப்பாடியில், மனநலம் குன்றிக் காட்டில் ஒதுங்கி வாழ்ந்த மது என்பவரை, அரிசி திருடினார் என்று கைகளைக் கட்டி அடித்தே கொன்றார்கள். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காட்டு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. மது நகரத்துக்காரர் அல்லர். ஆனால் வீடில்லாமல் ஒதுங்கி இருப்பவரை ஊர் எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பதில் காட்டோரத்துக்கும் கடைவீதிக்கும் வேறுபாடு இல்லை.

இனி, செய்யக்கூடியது என்ன என்பதற்கு வருகிறேன். நகர்ப்புற வீடற்றோருக்கான காப்பகத் திட்டம் 2013-இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வந்தது. ஒரு லட்சம் நகர மக்களுக்கு 100 பேர் தங்கும் நிரந்தரக் காப்பகம் ஒன்று, ஆண்டு முழுவதும், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும், ஒருவருக்கு 50 சதுர அடி இடம் வேண்டும் என்பது அதன் அளவுகோல். 2011 கணக்கெடுப்பில் பாலக்காட்டு நகராட்சியின் மக்கள்தொகை 1.3 லட்சம், கோவை மாநகராட்சியோ 10 லட்சத்தைக் கடந்தது. இந்த அளவுகோலின்படி பாலக்காட்டுக்கு ஒன்றும் கோவைக்குப் பத்துக்குக் குறையாமலும் வேண்டும். கட்டடம் கட்டினால் மட்டும் போதாது. நகரத்துக்கு வெளியே, பேருந்து போகாத இடத்தில் கட்டினால், கஞ்சிக்கோடு நண்பரின் பக்கத்தில் படுத்திருந்த மூட்டைத் தொழிலாளி அங்கே போகமாட்டார். ஆண்களுக்கு மட்டும் என்றால், மனைவியோடும் குழந்தையோடும் படுப்பவர் போகமாட்டார். பை வைக்கப் பூட்டு போட்ட பெட்டி இல்லை என்றால் யாருமே போகமாட்டார்கள். நீலமலர் சகோதரி சொன்ன அந்தப் பையின் கவலையை நான் எல்லா இடத்திலும் கேட்டிருக்கிறேன்.

செய்தால் முடியும் என்பதற்குக் கோழிக்கோடு இருக்கிறது. 2020 ஊரடங்கில் தெருவில் இருந்தவர்களை முகாம்களுக்கு அழைத்துவந்த மாவட்ட நிர்வாகம், ஊரடங்கு முடிந்ததும் அவர்களை மறுபடி தெருவில் விடாமல் ‘உதயம்’ என்ற பெயரில் இல்லங்களைத் தொடர்ந்து நடத்தியது. கேரள அரசு 64,006 குடும்பங்களை அதிவறுமையில் இருப்பவையாகக் கண்டறிந்து, நான்காண்டு உழைப்புக்குப் பின் 2025 நவம்பர் 1 அன்று அதிவறுமை நீங்கியதாக அறிவித்தது. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் வார்டு வார்டாகப் பெயர் சேர்த்துக் கட்டிய பட்டியலில், பேருந்து நிலையத்தில் படுத்துக்கொண்டு தமிழ் பேசுகிறவர் எந்த வார்டில் சேர்வார் என்பது என் கேள்வி. எல்லையின் இருபுறமும் நல்ல திட்டங்கள் இருக்கும்போதும், இரண்டுக்கும் நடுவில் நிற்பவரை எந்தத் திட்டமும் தன் ஆளாகக் கருதுவதில்லை.

ஆகவே கோவை, பாலக்காடு இரண்டு மாவட்ட ஆட்சியர்களுக்கும் சேர்த்து ஒரே மனுவைக் கொடுக்க வேண்டும் என்பது என் யோசனை. எல்லைக்கு அப்பால் ஆளை இறக்கிவிடுவதை எழுத்துமூலமாக நிறுத்த வேண்டும். ஒருவர் எங்கே கண்டெடுக்கப்படுகிறாரோ அந்த நகரமே அவருக்குப் பொறுப்பு என்பதை இரண்டு மாவட்டங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் இரு நகரங்களின் காப்பகங்களிலும் இருக்க வேண்டும்.

சாலைக்கடை எழுதியது:

மாஃபியா என்ற சொல்லை நான் எழுதவில்லை. குழந்தையை வைத்துத் தொழில் செய்பவனைத்தான் சொன்னேன். வழக்கறிஞர் காட்டிய 76-ஆம் பிரிவு எங்கள் வியாபாரிகள் சங்கத்தில் யாருக்கும் தெரியாது. அதைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டுக் கடைக்குக் கடை ஒட்ட நான் ஏற்பாடு செய்கிறேன்.

மனுவில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கடைவீதியில் இருக்கும் பொதுக் கழிப்பறைகள் கட்டணம் வாங்குபவை, இரவு பூட்டிவிடுவார்கள். பத்து ரூபாய் இல்லாதவனுக்குப் பகலிலும் வழியில்லை; காசு இருப்பவனுக்கு இரவில் வழியில்லை. என் வாசலில் காலையில் நான் அள்ளுவதற்குக் காரணம் அந்தப் பூட்டுதான். பெரிய ஊர் ஒவ்வொன்றின் மையத்திலும் இரவு முழுவதும் திறந்திருக்கும் இலவசக் கழிப்பறையும் குளிக்க ஒரு குழாயும் வேண்டும் என்று எழுதுங்கள். அதைக் கேட்டு வியாபாரிகளும் கையெழுத்துப் போடுவார்கள். காப்பகத்துக்குக் கையெழுத்துக் கேட்டால் பாதிப்பேர் தயங்குவார்கள். கழிப்பறைக்கு யாரும் தயங்கமாட்டார்கள்.

நீலமலர் எழுதியது:

துணைக்கு ஆளில்லாத நோயாளியைச் சேர்க்கும்போது மருத்துவமனையே ஊதியம் கொடுத்து ஒருவரை உடன் அமர்த்த வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேரள அரசின் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களைச் சேர்ந்த பெண்களில் இந்த வேலையைச் செய்யக்கூடியவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். எழுதும்போது ‘அனாதை நோயாளிகள்’ என்று போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பலருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், தொலைபேசி எண்ணும் மனப்பாடமாக இருக்கிறது, கூப்பிடத்தான் அவர்களுக்கு மனமில்லை.

சிற்றூர் வழக்கறிஞர் எழுதியது:

மனுவை நான் எழுதித் தருகிறேன். அதோடு நாம் அனுமதி கேட்காமலே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். வீடில்லாதவர் வாக்காளர் பட்டியலில் சேர முகவரிச் சான்று தேவையில்லை. தேர்தல் ஆணையத்தின் விதிப்படி, 6-ஆம் எண் படிவத்தில் தாம் படுக்கும் இடத்தை எழுதிக் கொடுத்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அங்கே வந்து, ஒரு நாளோடு நிறுத்தாமல் இன்னொரு நாளும் வந்து, அவர் அங்கேதான் உறங்குகிறாரா என்று பார்த்து உறுதிசெய்ய வேண்டும். அப்படிச் சேர்ந்த பெயர், இன்ன நகரத்தின் இன்ன வார்டில் இவர் வசிக்கிறார் என்பதற்கு அரசே எழுதிக்கொடுக்கும் சான்று ஆகிவிடுகிறது. நாளைக்கு அவரை வண்டியில் ஏற்ற வருகிறவரிடம் காட்ட, தமிழா மலையாளமா என்ற பேச்சுக்கு இடமில்லாத ஒரு தாள் அவர் கையில் இருக்கும். வேட்பாளர்களும் அந்தப் பேருந்து நிலையத்துக்கு வந்து நிற்க வேண்டிவரும்.

படிவங்களை நான் கொண்டுவருகிறேன். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், குறிப்பாக இரண்டு மொழியும் தெரிந்த இளைஞர்கள், ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் ஸ்டேடியம் நிலையத்துக்கு வந்தால் போதும். அதற்கு முன் வந்தால் பயணிகள்தாம் இருப்பார்கள்.

கஞ்சிக்கோடு எழுதியது:

நான் வருகிறேன். அங்கே படுப்பவர்களில் சிலரை எனக்குத் தெரியும், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். சீருடைக்காரர் யாரும் கூட வர வேண்டாம். வந்தால் எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். புகைப்படம் எடுக்க வேண்டாம். படிவத்துக்குத் தேவையான படத்தை மட்டும் அவர்களிடம் கேட்டுவிட்டு எடுக்கலாம்.